சூடு தெரியாத கால்

அப்ப அம்மன் வாய் திறந்து கேட்டவவா மாமி, எங்கட அப்பாட சின்ன விரலை? நீங்களே சொல்லுங்க. சடங்குக்குச் சடங்கு அம்மன் ஏறி ஊருக்குக் கட்டு, வாக்கு எல்லாம் சொல்றது உங்கட வாயாலதானே. அவ கேட்டிருந்தா உங்களுக்குத் தெரியாமப் போகுமா? கேக்கல்லதானே? ஆ! அதை அந்த மனிசனுக்குச் சொல்லுங்க. ஆஸ்பத்திரியில டொக்டர் கால் விரலை எடுத்துப்போட்டு அங்கால போறார், இவர் பக்கத்துக் கட்டில்காரருக்குச் சொல்றார், "அம்மன் கேட்டா, குடுத்தன்" எண்டு. என்னமோ மாம்பழம் கேட்ட மாதிரி!

நீங்க வேப்பிலையைக் கட்டுங்க மாமி, நான் வேலையைக் குழப்ப வரல்ல. சின்னவளை அடுத்த வளவில விட்டுட்டு ஓடி வந்திருக்கன். ரெண்டு கதை, போயிடுவன்.

போன வருசம் சண்டை முடிஞ்ச வருசம்தானே, சடங்குக்குச் சனமெண்டா சனம். எல்லாரும் தீக்குழியில விறுவிறெண்டு பாயிறாங்க. இவர்? பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ளை மாதிரி ஆறுதலா நடக்கார்! நடுத்தணல்ல நிண்டு, கிறுகி, சனத்தைப் பாத்துக் கும்பிடு வேற! ஊரெல்லாம் அரோகரா. பொம்புளையள் அவர்ர கால்ல விழுந்து எழும்புறாங்க. நானும் அழுதன் மாமி, பொய் சொல்லக்கூடா. மறுகா வீட்டை வந்து கால் கழுவக்குள்ள பாத்தா... தோல் கழண்டு வாளித் தண்ணியில மிதக்குது. இவர் தேத்தண்ணி கேக்கார்!

ஓம் மாமி, பக்திதான். ஆர் இல்லையெண்ட? ஆனா டொக்டர் வேற சொன்னாரே. "இது சக்தியில்ல பிள்ளை, சீனி வருத்தம் கால் நரம்பைத் திண்டுட்டு. சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது" எண்டார். மீன் பிடிக்கிற தங்கூசி நூல் மாதிரி ஒண்டால அடிப்பாதத்தில குத்திக் குத்தி, "தெரியுதா ஐயா?" எண்டு கேக்கார். இவர் கண்ணை மூடிக்கொண்டு "ஓம், ஓம்". டொக்டர் குத்தாம சும்மா இருக்கக்குள்ளயும் "ஓம்"! வெளிய வந்து எனக்குச் சொல்றார், "வாவியில தங்கூசியோட கிடந்தவனுக்குத் தங்கூசியாலயே சோதினை வைக்கான், என்ன டொக்டர் இவன்" எண்டு.

இதில இன்னொரு கூத்து. நெருப்பில எரியாத கால், பாயில படுத்தா எரியுதாம்! "யசோதினி, கால்ல மிளகாய் அரைச்சுப் பூசினாப்போல கிடக்கு" எண்டு ஒரே முனகல். அதுவும் நரம்பு செய்யிற வேலைதானாம். நான் சின்னவளுக்குத் துணி மாத்துறதா, இவருக்குக் காயத்தில கட்டு மாத்துறதா? என்ட சீதனக் கண்ணாடி... நான் முகம் பாத்து எவ்வளவு காலம்! அது இப்ப அப்பாட அடிப்பாதம் பாக்கிற கண்ணாடி. விரல் எடுத்த காயம் ஆற எத்தினை மாசம் போச்சு தெரியுமா? கிளினிக்கில மெத்தை வைச்சுச் செய்வித்த சப்பாத்தை வேலி ஓரத்தில வைச்சிருக்கார். கோழி அதுக்குள்ள முட்டை இட்டிருக்கு மாமி!

ம்? நேர்த்தியா? அந்த நேர்த்திக் கதையைக் கேளுங்க. சுனாமி அண்டைக்குத் தென்னையில தொங்கிக்கொண்டு வைச்சது. "என்ட மகள் உயிரோட கிடைச்சா, சாகுமட்டும் தீ மிதிப்பன்" எண்டு. ஒரு வருசம் எண்டு வைச்சிருக்கலாம்தானே? நான் அந்த நேரம் பள்ளிக்கூட மேல்மாடியில இருந்து பிஸ்கட் திண்டுகொண்டிருக்கன்!

சிரிக்காதீங்க. நாளைக்குத் தீ. அப்பா காப்புக் கட்டிட்டார். காப்புக் கட்டினவன் மருந்துக் குளிசை குடிக்கக்கூடாதெண்டு அதையும் விட்டுட்டார். சர்க்கரை போட்ட புக்கையும் வாழைப்பழமும்தான் விரதச் சாப்பாடு. "இன்னொருக்காச் சுட்டா விரலோட நிக்காது, கால்தான்" எண்டு டொக்டர் சொல்லிட்டார். படுவான்கரையில மிதிவெடிக்குத் தப்பின கால் மாமி இது! ஷெல்லுக்க என்னையும் தூக்கிக்கொண்டு ஓடின கால். சண்டையெல்லாம் முடிஞ்சு, ஆரும் கேக்காத நேரத்தில தானாக் கொண்டுபோய் நெருப்பில வைக்கப்போறார்.

நான் சொன்னாக் கேக்கமாட்டார். டொக்டர் சொன்னாக் கேக்கமாட்டார். அம்மன் சொன்னாக் கேப்பார். அதுதான் வந்தன். நாளைக்குக் கட்டுச் சொல்லக்குள்ள, "உன்ட நேர்த்தி நிறைஞ்சிட்டு, இனிச் சப்பாத்தைப் போடு" எண்டு ஒரு சொல்லு. அப்படியே குளிசையையும் சேத்துக்கொள்ளுங்க. காலமையும் ராவைக்கும். சாப்பிட்டதுக்குப் பிறகு, மறந்துடாதீங்க. அம்மன்ட வாயில மெட்ஃபோமின் வராதெண்டா, வெள்ளைக் குளிசை எண்டு சொன்னாலும் காணும்.

ஏன் முகத்தைத் திருப்புறீங்க? பொய்யா? அடுத்த வளவுப் பிரதீசுக்குக் கட்டார் விசா கிடைக்குமெண்டும்தான் கட்டுச் சொன்னீங்க. அவன் இன்னும் சந்திக் கடை வாசல்ல நிக்கான். அதை ஆர் சொன்ன? அம்மனா, நீங்களா? ...சரி, சரி, கோபிக்காதீங்க. வாய் நீண்டுட்டு. எனக்கு அந்த மனிசனை விட்டா ஆர் மாமி...

ஆவ்! சீ... எறும்பு! புத்துக்கு மேலயே நிண்டிருக்கன். எப்பன் அங்கால தள்ளி இருங்க மாமி, உங்கட பக்கமும் வருது. எழும்புங்கவன், கால்ல ஏறுது.

மாமி?

உங்கட கால் முழுக்கக் கிடக்கு. விரல் இடுக்கில கொத்தாத் தொங்குது. கடிக்கல்லையா? ...ஒண்டும் தெரியல்லையா?

குனிஞ்சு பாருங்க.

...இல்ல மாமி, அம்மனைக் கூப்பிடாதீங்க. அந்த அருளை நான் வீட்டில பாத்திட்டன். அசையாதீங்க, நான் தட்டி விடுறன். இந்த ரெண்டாம் விரல்ல புண்ணும் கிடக்கு... எப்ப வந்த? தெரியாதா? சரி, எப்படித் தெரியும்.

வேப்பிலையைக் கீழ வைங்க. என்ட தோளைப் பிடிங்க. எங்கட வீட்டுக்குத்தான் போறம், இப்பவே. நாளைக்குக் கட்டும் வேணாம், ஒண்டும் வேணாம். இந்தக் காலை அப்படியே அப்பாக்கு முன்னால நீட்டி, "அண்ணன், எனக்கும் தெரியல்ல" எண்டு மட்டும் சொல்லுங்க. பிறகு அந்த மனிசன் நெருப்புக்குப் போறாரா, உங்களைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போறாரா பாப்பம்.

அழாதீங்க மாமி. வாங்க. செருப்பு எங்க?

...போடுறல்லையா!