நாப்பத்தோராம் நம்பர் கார்டு

அந்தச் சேர் வேணாம், கால் ஆடும். விழுந்து வச்சீங்கன்னா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும். பெஞ்சுல உக்காருங்க. பரவால்ல, செருப்போட வந்தா வந்துட்டுப் போங்க, இங்க யாரு கேக்கப் போறா.

ம், என் கையெழுத்துதான். நாப்பத்தோராம் நம்பர் கார்டு. பதினாலு வருஷமா இந்தப் பக்கம் டிபி மாத்திரை குடுக்கிறது நான் ஒருத்திதான். பின்ன உங்க அப்பா கையெழுத்தா இருக்கும்?

கோவப்படாம சொல்லணுமா? நம்ம மிஷன் சிஸ்டர் வந்து கேட்டிருந்தா பரவால்ல. ஃபாதர் கூப்பிட்டுக் கேட்டிருந்தாலும் போயி நின்னிருப்பேன். நீங்க யாரு? ஃபெல்லோஷிப்ல வந்து இருபது நாள் ஆகுது. ஒரு வருஷம் இருப்பீங்க, எல்லாத்தையும் தலைகீழா மாத்துவீங்க, கெளம்பிப் போயிடுவீங்க. கார்டு உண்மையா பொய்யான்னு என் மூஞ்சியப் பாத்துக் கேக்க உங்களத்தான் அனுப்பினாங்களா?

புரியுதும்மா, புரியுது. மூணு தடவ சொல்லிட்டீங்க. அந்த லாரிக்காரன் ஆஸ்பத்திரியில கெடக்கான். ஆறு மாசம் ஒரு நாள் விடாம மாத்திரை தின்னதா கார்டு சொல்லுது, ஆனா வியாதி திரும்பி வந்துடுச்சு. அப்ப பழைய மாத்திரை அவனுக்குக் கேக்கலைன்னு நெனச்சு, டாக்டர் இன்னைக்கு பெரிய மருந்து ஆரம்பிக்கப் போறாரு. காது போனாலும் போயிடும், கல்லீரல் கெட்டாலும் கெட்டுடும். டெஸ்ட் வர நாளாகும், அதுவரைக்கும் இந்தக் கார்டுதான் சாட்சி. அதான? ஆறாவதோட நின்னவதான் நான், ஆனா சொன்னது மண்டையில ஏறும்.

தண்ணி வேணுமா? அந்தச் செம்புல இருக்கு. எனக்கு முட்டி வலி, எந்திரிக்க முடியாது. முட்டி ஏன் போச்சுன்னு கேளுங்க. உங்க ஆளுங்களால போச்சு. மொதல்ல ஒரு கண்ணாடிக்காரி வந்தா. நோயாளிங்க எல்லாரும் உங்க வீட்டுக்கே வந்து முழுங்கட்டும்னா. காலையில என் வாசல்ல வரிசை. வரிசையில நின்னவனுக்கெல்லாம் டிபின்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. ஒரு புள்ளைக்குப் பேசி வச்ச கல்யாணமே நின்னுச்சு. கண்ணாடிக்காரிக்கு வருஷம் முடிஞ்சுது, கையாட்டிட்டுப் போயிட்டா. கல்யாணம் நின்னவளோட அம்மா இன்னைக்கும் என்னத்தான் திட்டுறா.

அடுத்து ஒரு நெட்டையன். நீங்கதான் வீடு வீடாப் போகணும்னான். மாடி மாடியா ஏறி எறங்கினேன், முட்டி அங்கதான் தேஞ்சுது. போன வருஷம் வந்தவன் எப்பப் பாத்தாலும் இளிச்சுக்கிட்டே இருப்பான். அக்கா அக்கான்னு உருகுவான். அக்கா, ஒரு கட்டம்கூட காலியா இருக்கக் கூடாதுக்கா, தலைமை ஆபீஸ்ல இருந்து வர்றாங்கன்னு தெனமும் நச்சரிப்பான். வந்தாங்க. எந்தக் கார்டப் பாத்தாலும் டிக்கு. அவன தலையில தூக்கி வச்சு ஆடினாங்க. எனக்கு ஃபிரேம் போட்டு ஒரு சர்ட்டிபிகேட். அதுல இங்கிலீஷ்ல என்ன எழுதியிருக்குன்னு எனக்குப் படிக்க வராது, நீங்களும் படிச்சுக் காட்ட வேணாம்.

அவன் மேல பழி போடலம்மா. சொல்ல விடுங்க.

டிக்குன்னா சும்மா கோடு போடுறதுன்னு நெனச்சீங்களா? மாத்திரைய வாயில போட்டா ஆச்சா? எதுக்க உக்காந்து பாக்கணும். தண்ணி குடிக்க வைக்கணும். வாயத் தொறன்னு சொல்லணும், நாக்கத் தூக்கச் சொல்லணும், கன்னத்துப் பக்கம் எட்டிப் பாக்கணும். அதுக்கப்புறம்தான் பேனாவத் தொடுவேன். முக்குல தையக்கடை வச்சிருக்காரே, அந்தாளு கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கிட்டு நல்லபிள்ளையாட்டம் பாத்தாரு. துப்புய்யா, மறுபடி முழுங்குன்னேன். பொம்பளையா நீ, பேயின்னு திட்டினாரு. திட்டட்டும். இன்னைக்கு மெஷின மிதிச்சுக்கிட்டு உக்காந்திருக்காருல்ல? போலீஸ்காரனா இருந்தாலும் நாக்கத் தூக்காம விட்டதில்ல நான்.

அந்த லாரிக்காரனையுமா?

என்னம்மா கேள்வி இது. மொத ரெண்டு மாசம் பாத்தேன். இந்தா, இந்தப் பெஞ்சுலதான் உக்காந்து முழுங்குவான். எடை ஏறுச்சு, இருமல் நின்னுச்சு. ஆள் தேறினதும் லாரி எடுக்கணும்னான். போனா பத்து நாள், பன்னெண்டு நாள் ஆகும் திரும்ப. இல்லன்னா வண்டிய வேற ஆளுகிட்ட குடுத்துடுவாங்க, சோத்துக்கு என்ன பண்றதுன்னான். சரின்னு மாத்திரை அட்டைய மொத்தமா கையில குடுத்துட்டேன். குடுக்கக் கூடாதுதான். எனக்குத் தெரியாதா? புதுசா வர்றவங்களுக்கு அதச் சொல்லிக் குடுக்கிறதே நான்தான்.

டிக்கு... டிக்கு நான்தான் போட்டேன். அவன் வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தான், நான் இங்க உக்காந்து ஒரே மூச்சுல பக்கம் பூரா போட்டேன். பேனா கலர மாத்தி மாத்திப் போட்டேன், ஒரே நாள்ல போட்டதுன்னு தெரியக் கூடாதுல்ல.

திரும்பி வந்தப்ப கேட்டேனே. முழுங்கினியாடான்னேன். முழுங்கிட்டேன்னான். வாயத் தொறந்து காட்டுன்னு அவன்கிட்ட எப்படிக் கேக்கிறது? பால்பல்லு ஆடினப்ப நூலக் கட்டி இழுத்தவ நான். அவன் வாயில நான் பாக்காததா? அப்படி ஒரு திமிரு எனக்கு.

நேத்து அவன் பொண்டாட்டி வந்தா. இத்தன வருஷமா வாய் நெறய அண்ணின்னு கூப்பிட்டவ, ஒரு பையக் கொண்டாந்து என் மடியில கொட்டிட்டுப் போயிட்டா. லாரி சீட்டுக்கு அடியில இருந்துச்சாம். அட்டை அட்டையா நாலு மாச மாத்திரை, ஒண்ணுகூட பிரிக்கல. வயித்தப் பெரட்டுதுன்னு வச்சுட்டானா, ஆள் தேறிட்டோம்னு வச்சுட்டானா, யாரு கண்டா.

ஆமா, என் தம்பிதான். அதுல எதுக்கு இவ்ளோ ஆச்சரியம்? கார்டுல நம்பரும் தெருவும்தான கேக்கிறீங்க, யாரு யாருக்கு என்ன வேணும்னு உங்க கட்டத்துல எங்க இடம் இருக்கு.

அழலம்மா. தூங்கல, கண்ணு எரியுது. நீங்க மொதல்ல அந்த நோட்ட மூடிட்டு ஃபோன எடுங்க. அவன் முழுங்கவே இல்ல, நாலு மாசம் கார்டு பொய்யின்னு சொல்லுங்க. அப்புறம் எந்த மருந்துன்னு டாக்டரே முடிவு பண்ணட்டும். பதினோரு மணிக்கு வார்டுக்கு வந்துடுவாருன்னு நீதான சொன்ன? என்ன முழிச்சுக்கிட்டு இருக்க, நம்பர அடி பொண்ணே.

பேசிட்டு, சிஸ்டர்கிட்டயும் ஒண்ணு சொல்லிடு. அவன் மக, சின்னவ, ஒரு வாரமா இருமுறா. அவளுக்கு மாத்திரை குடுக்க வேண்டி வந்துச்சுன்னா, வேற யாரையாவது போடச் சொல்லு.