பாதை முக்கில் கிடந்த தழை

கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஏறும் ஜீப். எனக்கு எதிரே, மலையேற வந்த சென்னைக்காரர் ஒருவர். அவரை ஒட்டி, தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்.

"நேத்து வழி தவறி, பொழுது சாயுற வரைக்கும் கத்துனேன்க்கா. ஒருத்தரும் வரல. ஏறும்போது பாதை முக்குல கிடந்த குப்பையெல்லாம் வேற சுத்தம் பண்ணிட்டுப் போனேன்."

"என்ன குப்பை?"

"வாடுன தழைதான். குவியலாக் கிடந்துச்சு."

அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானா அது? மேல போறவுக ஆளுக்கொரு தழைய ஒடிச்சு அங்கன போட்டுட்டுப் போவோம். இறங்குறப்ப ஒண்ண எடுத்து எறிஞ்சிருவோம். சாயங்காலம் மிச்சம் கிடந்தா, யாரோ இன்னும் மேல இருக்காகன்னு தேடிப் போவோம். நேத்து ஒண்ணுமே இல்ல. எல்லாரும் இறங்கிட்டாகன்னு நாங்களும் வீட்டுக்குப் போயிட்டோம்."

"அப்போ நான்?"

"நீங்க போனதே யாருக்குத் தெரியும்?"

ஜீப் அந்த முக்கில் நின்றதும் சென்னைக்காரர்தான் முதலில் இறங்கினார். பக்கத்துச் செடியில் கை நிறையத் தழை ஒடித்தார்.

"ஒண்ணு போதும் சார்," என்றார் அந்தப் பெண். "அம்புட்டையும் போட்டீகன்னா, இல்லாத ஆளையெல்லாம் நாங்க தேடி அலையணும்."