அடியில் மணல் போடாத தொட்டி

இப்போதெல்லாம் ஆட்கள் எதையும் மேலோடு பார்த்துவிட்டுப் போகிறார்கள். அரிசி வாங்கப் போனால் மூட்டையின் அடியில் கைவிட்டுப் பார்ப்பதில்லை. சட்டி வாங்கினால் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறீர்களே அய்யா, அதைக்கூட வேறு ஆளை விட்டு ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்வேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்குப் படிப்பு கம்மி.

பெயர் முத்திருளன். ஊர் நாகமலை புதுக்கோட்டை. இருபது வருஷம் ஊர்க் கண்மாயில் மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விட்டேன். முட்டி தேய்ந்த பிறகு மதுரைக்கு வந்து, மாசி வீதியில் சேக் இஸ்மாயில் முதலாளியின் கண்ணாடிச் சாமான் கடையில் சேர்ந்தேன். கடை வாசலில் மூன்று முழ நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி ஒன்று உண்டு. அதில் மீனும் நீர்ச்செடியும் வைத்து, போகிறவர்களை நிறுத்துவது என் வேலை. ஏழு வருஷம் பார்த்தேன்.

அந்தத் தொட்டியின் அடியில் நான் மணல் போடவில்லை. மணல் அழுக்கை ஒளித்து வைக்கும். மீன் கழிவும் அழுகிய இலையும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெறும் கண்ணாடி என்றால் கிடப்பது தெரியும். ரப்பர் குழாயை விட்டு உறிஞ்சி எடுத்துவிடலாம்.

மணல் இல்லாமல் செடியை அழகாக நிறுத்துவது லேசில்லை. குளத்துச் சேற்றில் விளையும் கொட்டிக்கிழங்கைக் கையளவு மண்கலயத்தில் நட்டு, கலயம் தெரியாதபடி முன்னால் கல் அடுக்குவேன். ஒற்றை அல்லித் தண்டை விளக்குச் சிம்னிக்குள் விட்டு மூலையில் நிறுத்துவேன். அழகர்மலை ஓடையில் கல்லைப் பற்றி வளரும் பெரணியைக் கொண்டுவந்து, புளியவேரிலும் கூழாங்கல்லிலும் வைத்து வாழைநாரால் கட்டுவேன். உயரமானது பின்னால், குட்டையானது முன்னால், நடுவில் மீன் வந்து திரும்ப வெற்றிடம். வாழைநார்தான் கட்ட வேண்டும். செடி கல்லைப் பிடிக்கிற வரைக்கும் தாங்கும், பிறகு தானாக இற்றுப்போகும். அறுக்க வேண்டியதில்லை. கட்டுகிற முடிச்சும் என்னுடையது. தண்டுக்கு இரண்டு சுற்று, கல்லுக்கு மூன்று, முனையை அடிச்சுற்றுக்குள் விட்டு இடப்பக்கம் இழுக்க வேண்டும்.

பார்க்கிறவர்கள் யார் வைத்தது என்று கேட்பார்கள். "நம்ம முத்திருளண்ணன் கை" என்பார் முதலாளி. நான் திரும்பிப் பார்க்காமல் வேலையைப் பார்ப்பேன்.

செல்லத்தாய் எங்கள் ஊர்க்காரி. புருஷன் இல்லை. அன்னக்கொடி என்று ஒரு மகள். கண்மாயில் தாமரை பறித்துக் கோயில் பக்கம் விற்பாள். போன ஐப்பசியில் கூடையோடு கடை வாசலில் நின்று தொட்டியைப் பார்த்தாள்.

"என்னண்ணே, கைதி மாதிரி அம்புட்டுக்கும் காலக் கட்டி நிப்பாட்டியிருக்கீக?"

முதலாளி சிரித்துவிட்டார். ஏழு வருஷத்தில் அந்தத் தொட்டியைப் பார்த்து அவர் சிரித்தது அன்றுதான்.

"மணலு போட்டா நாறும்" என்றேன்.

"கண்மாயி பூராம் மண்ணுதான் கெடக்கு. அங்க நாறுதாக்கும்? காலு ஊனி நிக்க விடுங்கண்ணே, பாவம்."

அவள் கெட்டவள் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஆற்றுமணல் பரப்பி, கொட்டிச் செடி ஒன்றை நட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். பத்தாம் நாள் அது பூ விட்டது. நான் தினமும் கிண்ணத்தை முகர்ந்து பார்த்தேன். நாற்றம் இல்லை. நான் இல்லாத நேரத்தில் அவள் மணலை மாற்றியிருக்க வேண்டும். வேறு எப்படி?

வருகிறவர்கள் கிண்ணத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். யார் வைத்தது என்று கேட்டால் முதலாளி அவள் பெயரைச் சொன்னார். தை மாதம் தெப்பத் திருவிழாக் கூட்டம் வருமுன் என்னைக் கூப்பிட்டார்.

"முத்திருளண்ணே, தொட்டிக்கும் மணலப் போட்ருவோம். செல்லத்தாயி பாத்துக்கிரும். ஒங்களுக்கும் முட்டி வலி. சும்மா ஒக்காந்து யோசன சொல்லுங்க, அது போதும்."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். சரி முதலாளி என்றேன். என் யோசனையை யார் கேட்கப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் செல்லத்தாயிடம், ஊர்க் கண்மாய் மடைப் பக்கம் நல்ல கொட்டிக்கிழங்கு கிடக்கிறது, காலையில் வந்தால் காட்டுகிறேன் என்றேன். அவளுக்குச் சந்தோஷம்.

"வாரேண்ணே. நீங்க எம்மேல கோவமா இருக்கீகன்னுல்ல நெனச்சேன்."

"கோவம் என்ன கோவம்" என்றேன்.

எங்கள் மடை, தண்ணீருக்குள் நிற்கும் இரண்டு கல்தூண். நடுவில் ஒரு கம்பு, அதன் நுனியில் கட்டை. அந்தக் கட்டை அடியில் இருக்கும் துளையை அடைத்திருக்கும். துளை ஒரு ஆள் தொடை நுழைகிற அளவு. கண்மாய் நிறைந்திருக்கும்போது, பக்கத்தில் ஆள் நின்றால் கட்டையைத் தூக்கக் கூடாது. இழுப்பு காலை உள்ளே வாங்கிக்கொள்ளும். எங்கள் ஊரில் குழந்தைக்கும் அது தெரியும். செல்லத்தாய்க்கும் தெரியும். நான் தூண் மேல் ஏறி உட்கார்ந்ததும் அவளே சொன்னாள்.

"கம்பப் பிடிச்சுக்கங்கண்ணே. எவனும் வந்து தொறந்து தொலைக்கப் போறான்."

கிழங்கைக் காலால்தான் தேடுவார்கள். பெருவிரலால் சேற்றைத் துழாவி, தட்டுப்பட்டால் மூழ்கி எடுப்பார்கள். தண்ணீர் அவளுக்குக் கழுத்தளவு. நாலைந்து கிழங்கு எடுத்து மடியில் போட்டாள். இன்னும் கிட்டே, கல்லை ஒட்டி என்று நான் சொன்னேன். வந்தாள். கம்பைத் தூக்கினேன்.

"அண்ணே" என்று ஒருதரம் கூப்பிட்டாள். என்னை உதவிக்குக் கூப்பிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். தூக்கியது நான் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரம் ஆகியிருக்கும்.

காலை விடுவிப்பதுதான் சிரமமாக இருந்தது. பிறகு கட்டையைப் பழையபடி அடைத்தேன். தண்ணீர் வீணாகக் கூடாது. தாமரை இலை அடர்ந்த பக்கம் அவளைக் கொண்டுபோய், இரண்டு காலையும் சேர்த்து ஒரு கல்லில் கட்டி விட்டேன். நேராகத்தான் நின்றாள். அவள் எடுத்த கிழங்குகள் நல்ல கிழங்குகள். கடைக்குக் கொண்டுவந்து கலயத்தில் நட்டேன்.

மூன்றாம் நாள் அன்னக்கொடி வந்தாள். "மாமா, ஆத்தாவப் பாத்தீகளா?"

"இல்லையே தாயி" என்றேன். தெப்பம் முடிந்ததும் சேர்ந்து தேடுவோம் என்றேன். அந்தத் தெப்பத்துக்குத் தொட்டி மணல் இல்லாமல் நன்றாக இருந்தது. எத்தனையோ பேர் நின்று பார்த்தார்கள். யார் வைத்தது என்று ஒருவர் கேட்டார். முதலாளி காதில் அது விழவில்லை. செல்லத்தாயைக் காணோம் என்ற கவலையில் இருந்தார்.

தப்பு எங்கே நடந்தது என்று கேட்டீர்கள். நாரில்தான் நடந்தது. இடுப்பில் எப்போதும் வாழைநார் இருக்கும். கை பழக்கத்தில் அதையே எடுத்துக் கட்டிவிட்டேன். வேர் பிடிக்கிற வரைக்கும்தான் அது தாங்கும். அவளுக்கு வேர் ஏது? பன்னிரண்டாம் நாள் மேலே வந்துவிட்டாள். ஒரு கணுக்காலில் முடிச்சு மட்டும் மிச்சம் இருந்திருக்கிறது.

ஏட்டையா அந்த முடிச்சை ஒரு துணியில் வைத்துக்கொண்டு, அவள் போய்வந்த இடமெல்லாம் விசாரித்துக் கடைக்கு வந்தார். முதலாளியிடம் பேசிக்கொண்டே தொட்டியைப் பார்த்தார். கல்லில் கட்டிய பெரணி ஒன்பது. ஒன்பது முடிச்சும் இடப்பக்கம் இழுத்தவை. துணியைப் பிரித்துக் கண்ணாடியோடு வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மறுக்கவில்லை.

"மணலப் போட்டிருந்தா கல்லெல்லாம் புதைஞ்சு முடிச்சு தெரிஞ்சிருக்காதுல்லய்யா பெரியவரே" என்று என்னை வண்டியில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகும்போது சொல்லிச் சிரித்தார். போலீஸ்காரருக்குத் தொட்டியைப் பற்றி என்ன தெரியும்.

நான்தான் செய்தேன். யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. தொட்டியில் அழுக்குச் சேரக் கூடாது என்பதற்காகச் செய்தேன். அவள் மேல் எனக்கு வேறு வன்மம் எதுவும் கிடையாது.

இன்று காலை இந்தக் கோர்ட்டுக்குக் கூட்டி வருகிற வழியில், கடையைத் தாண்டித்தான் வந்தோம். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தொட்டியில் மணல் போட்டிருந்தார்கள். அன்னக்கொடி தோள்வரை கையை விட்டு, கொட்டிச் செடியை அதில் ஊன்றிக்கொண்டிருந்தாள். முன்பே நட்ட ஒன்று மொட்டு விட்டிருந்தது. நான் நின்றேன். ஏட்டையா விலங்குச் சங்கிலியை இழுக்கவில்லை.

"ஒரு மாசத்துல நாறிரும் தாயி. பாத்துக்கிரு" என்றேன்.

அவள் கையை வெளியே எடுக்கவில்லை. நான் தொட்டி விளிம்பில் குனிந்து முகர்ந்து பார்த்தேன். நாற்றம் இல்லை. போட்டு நாலு நாள்தானே ஆகிறது. ஏட்டையாவுக்கு முன்னால் நடந்தேன்.