இன்வர்னஸிலிருந்தும் ரயில் புறப்படும்

மேடையின் நடுநாயகமாக வீற்றிருந்து, சற்று முன் தலைமையுரையில் 'கட்டுப்பாடு' என்ற சொல்லைக் கட்டுக்கட்டாக இறக்கி வைத்த ஆலயத் தலைவர் திருவாளர் யோகேந்திரன் அவர்களே, அவருக்கு இடமும் வலமுமாக ஒரே துணியில் தைத்த பாத்தேக் சட்டையோடு ஓரணியாய் அமர்ந்திருக்கும் நிர்வாகச் சான்றோர்களே, லிங்கியிலிருந்தும் சி ரூசாவிலிருந்தும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளை வளர்த்து, இன்று முன்வரிசையில் மாரியாத்தாளை மனத்தில் ஏந்தி அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பின்னால் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி இந்தம்மா எப்போது முடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தக் கிளென்மோரி தோட்டத்தின் மகள், பூலாவ் செபாங் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வுபெற்ற லோகேஸ்வரியின் பணிவு கலந்த, பயம் கலவாத வணக்கம்.

தலைவர் எனக்குத் தந்த தலைப்பு, 'ஸ்காட்லாந்து ரயில் பாதையும் நம் ரத ஊர்வல மரபும்'. மாரியம்மன் கோயில் மேடையில் ஸ்காட்லாந்துக்கு என்ன வேலை என்று வெளியூரிலிருந்து வந்தவர்கள் விழிக்கிறீர்கள். விழிக்க வேண்டாம். விளக்குகிறேன்.

இந்தத் தோட்டத்தைத் திறந்த துரை ஸ்காட்லாந்துக்காரர். காடு அழிக்க அழிக்க, ஒவ்வொரு டிவிசனுக்கும் தன் ஊருக்குப் போகும் ரயில் நிற்கும் இடங்களின் பெயரை வரிசையாக வைத்தார். முதல் டிவிசன் பெர்த். பிறகு டன்கெல்ட், பிட்லாக்ரி, ஏவிமோர். கடைசியாக மிஞ்சிய துண்டு நிலத்துக்குப் பெயர் இன்வர்னஸ். திருவிழா வந்தது. ரதம் யார் லயத்து வீடுகளுக்கு முதலில் போவது என்று கங்காணிகளுக்குள் சண்டையும் வந்தது. துரை சுருட்டை எடுத்துவிட்டுச் சொன்னாராம், "எங்க ஊர் ரயில் போற மாதிரி போகட்டும்." கங்காணிகள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சரிங்க துரை" என்றார்களாம்.

துரை போனார். துரைத்தனமும் போனது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. போகாதது எது? அந்த 'சரிங்க துரை' மட்டும்தான் போகவில்லை.

கோயில் பெர்த்தில் இருக்கிறது. கோயிலுக்குப் பின்னால், நாதஸ்வரம் வாசித்தால் காதில் விழும் தூரத்தில் இன்வர்னஸ் லயம். ரதம் கோயிலை விட்டுக் கிளம்பினால் முதலில் வரும் முச்சந்தி இன்வர்னஸ் முச்சந்தி. அங்கே திரும்பலாமா? திரும்பக் கூடாதாம். இன்வர்னஸ் கடைசி ஸ்டேஷனாம். தட்டும் தேங்காயுமாக வாசலில் நிற்கும் சனங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, ஆத்தா செம்பனைக் காட்டைச் சுற்றி டன்கெல்ட் போகிறாள். பெரிய சாலையைக் கடந்து பிட்லாக்ரி போகிறாள். மில்லுக்கு அந்தப் பக்கம் ஏவிமோர் போகிறாள். எல்லாம் சுற்றி, விளக்கின் பேட்டரி தீர்ந்து, ஓதுவாரின் குரலும் தீர்ந்த பிறகு, பின்வீட்டுக்கு வருகிறாள். ஏன் என்று கேட்டால் ஐதீகம் என்கிறார்கள். ஆகமம் என்கிறார்கள். ஐயா, எந்த ஆகமத்தில் பிட்லாக்ரி வருகிறது?

சிரியுங்கள். போன வருஷம் இன்வர்னஸில் யாரும் சிரிக்கவில்லை.

போன வருஷம் என்ன நடந்தது? ஏவிமோரில் ஒரு பிரமுகர் வந்து மாலை போடுவார் என்று ரதத்தை நிறுத்திவைத்தார்கள். அவர் வந்தார், படம் எடுத்தார்கள், இன்னொரு கோணத்தில் இன்னொரு படம் எடுத்தார்கள். ரதம் முச்சந்திக்குத் திரும்பியபோது ஊர்வலத்துக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. காவலுக்கு வந்த போலீஸ்காரர், "சூடா ஹாபிஸ் லா, பாலிக்" என்று கையைக் காட்டினார். நேரம் முடிந்தது, திரும்பு என்றால் ஆத்தாளாய் இருந்தாலும் திரும்பத்தானே வேண்டும்? திரும்பினாள்.

அந்த முச்சந்தியிலிருந்து பார்த்தால் தெரிகிற முதல் வீடு சன்னாசி அண்ணன் வீடு. எத்தனையோ வருஷம் தன் டிராக்டரில் கட்டி அந்த ரதத்தை இழுத்தவர் அவர். இந்தக் கோணல் வரிசையில் ஒரு ஸ்டேஷன் தவறாமல் இழுத்தவர். சர்க்கரை நோய் ஒரு காலைக் கொண்டுபோய்விட்டது. கோயில் படிக்கட்டு அவருக்கு இனி எட்டாது. ரதம் வாசலுக்கு வந்தால்தான் அவருக்கு ஆத்தா. மயிலம்மாள் அண்ணி அவரை வேட்டி கட்டி, விபூதி பூசி, நாற்காலியில் வைத்து வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார். ரதத்தின் விளக்கு முச்சந்தியில் தெரிந்தது. திரும்பியதும் தெரிந்தது. மறுநாள் நான் போனபோது அண்ணன் என்னிடம் கேட்டார்: "ஏம்மா லோகேசு, நீ ரயில்ல வேல பாத்தவ. எந்த ரயிலாச்சும் கடைசி ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரியுறப்ப திரும்பிப் போவுமா?" அண்ணி உடைக்காத தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வாசலில் தேங்காய் உடையாத வீடு அந்த வருஷம் முழுக்க விட்டுப்போன வீடு என்பது நம் தோட்டத்து வழக்கம்.

இந்த வருஷம் நிர்வாகம் அதற்கு ஒரு தீர்வு கண்டது. என்ன தீர்வு? பிரமுகரைக் குறைப்பதா? படத்தைக் குறைப்பதா? இல்லை. இன்வர்னஸைக் குறைப்பது. மிச்சம் இருப்பதே ஐந்து குடும்பம், அவர்கள் படியேறி வரட்டும் என்பது முடிவு. வரிசை மரபு என்பதை எடுத்துச் சொல்லத்தான் ஸ்காட்லாந்து போய் வந்த என்னைத் தலைவர் அழைத்தார். அழைத்ததற்கு நன்றி, தலைவரே. எடுத்துச் சொல்கிறேன். தண்ணீர் குடியுங்கள்.

என் மகள் ரோகினி கிளாஸ்கோவில் நர்ஸ். கடை வேண்டாம், கோட்டை வேண்டாம், என்னை அந்த ரயிலில் ஏற்று என்றேன். பெர்த்தில் ஏறினோம். டன்கெல்ட் பெயர்ப்பலகையைக் கண்டதும் என்னை அறியாமல் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். பக்கத்து வெள்ளைக்கார அம்மாள், உன் தாய்க்கு உடம்புக்கு என்ன என்று மகளிடம் கேட்டாள். ரோகினி என் முந்தானையை இழுத்தாள்: "மா, இது ஸ்டேஷன்மா. சாமி இல்ல. உக்காருங்க லா."

பிட்லாக்ரி தாண்டினால் ஆற்றின் மேல் ஒரு பாலம். பாலத்தின் தலைமாட்டில் கோட்டை வாசல் போல் கொத்தளம். எதற்கு என்று கேட்டேன். அந்தப் பகுதிப் பிரபுவின் நிலத்தில் ரயில் போக வேண்டுமென்றால் பாலமும் பிரபுவைப் போலக் கம்பீரமாக இருக்க வேண்டுமாம். அட, இங்கேயும் பிரமுகருக்கு வளைவு கட்டியிருக்கிறார்களே என்று எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. பிறகு ஏறினோம், ஏறினோம், அந்த நாட்டு ரயில் பாதையிலேயே உயரமான கணவாய் வரை ஏறினோம். மேலே மேகம், கீழே மான், நடுவில் நான், கையில் ரோகினி கட்டித் தந்த புளிச்சோறு. இறங்கும் வழியில் ஒரு நிலையம், பக்கத்திலேயே சாராய ஆலை. லயத்தை ஒட்டிக் கள்ளுக்கடை வைத்த துரைக்குப் புத்தி எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

ஏவிமோர் வந்தது. இப்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், நிர்வாகச் சான்றோர்களே. அங்கே இன்னொரு பாதை பிரிகிறது. அது என்ன என்று டிக்கெட் பரிசோதகரைக் கேட்டேன். அதுதான் பழைய பெரும்பாதை என்றார். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்றில் போட்டது. ஏவிமோரிலிருந்து கடலோரம் பாரஸ் என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து வளைந்து இன்வர்னஸ் சேரும். சுற்று அதிகம். இன்வர்னஸ்காரன் முணுமுணுத்தான். என்ன செய்தார்கள்? மரபு என்று சொல்லி இன்வர்னஸை வெட்டினார்களா? மலையை வெட்டினார்கள். பள்ளத்தில் பாலம் கட்டினார்கள். முப்பத்தைந்தே வருஷத்தில் நேர்ப்பாதை போட்டு இன்வர்னஸுக்கு ரயிலைக் கொண்டுபோனார்கள். பழைய பாதையில் ஒரு துண்டில் இன்றும் ஆர்வலர்கள் புகைவண்டி ஓட்டுகிறார்கள். யாருக்கு? வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு. வீட்டுக்குப் போகிறவன் அதில் ஏறுவதில்லை.

நம் தோட்டத்தில் பாரஸ் என்றொரு டிவிசன் உண்டா? இல்லை. ஏன் இல்லை? நம் துரை வீட்டுக்குப் போனது புதுப்பாதையில். ஆக, நீங்கள் நூறு வருஷமாகக் கட்டிக் காப்பது எது? வெள்ளைக்காரன் வசதிக்காக மாற்றிக்கொண்ட பாதையை. மாற்றியவன் மறந்துவிட்டான். மாறக் கூடாது என்று நாம் தேங்காய் உடைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் இருக்கிறது. இன்வர்னஸில் இறங்கினேன். அந்தப் பரிசோதகரிடம், இந்த ஊர்க்காரர்கள் காலையில் பெர்த்திலிருந்து வண்டி வரும்வரை காத்திருப்பார்களா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். காலையில் முதல் வண்டி இங்கிருந்தே பெர்த்துக்குப் புறப்படுமே அம்மா என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆயுள் முழுக்க டிக்கெட் கொடுத்தவள். போக ஒன்று, வர ஒன்று என்று கிழித்துக் கிழித்துக் கொடுத்தவள். தண்டவாளத்துக்கு இரண்டு முனை உண்டு என்பதைக் கடல் கடந்து போய்க் கண்டுபிடித்திருக்கிறேன்.

தலைவரே, துரை சொன்னது ரயில் போற மாதிரி. ரயில் எப்படிப் போகிறது? பெர்த்திலிருந்தும் போகிறது, இன்வர்னஸிலிருந்தும் போகிறது. உங்கள் மரபில் ஒரு முடி உதிர வேண்டாம். உங்கள் வரிசையில் ஒரு ஸ்டேஷன் மாற வேண்டாம். அதே வரிசை, அந்தப் பக்கத்திலிருந்து. முதலில் இன்வர்னஸ், பிறகு ஏவிமோர், பிட்லாக்ரி, டன்கெல்ட், கடைசியாகப் பெர்த், கோயில் வாசல். ஆத்தா தன் வீட்டுக்குத் திரும்புவதற்கு எந்தப் போலீஸ்காரர் குறுக்கே நிற்பார்?

தலைவர் ஏதோ சொல்கிறார். மைக்கைக் கொடுங்கள். "பெர்மிட்டுல ரூட் குடுத்தாச்சும்மா." வெட்டிய இன்வர்னஸ் ஒன்றைத் தவிர அதே இடங்கள்தானே, அண்ணே? அதையும் சேர்த்து, முன்னும் பின்னும் மாற்றிக் கேட்க இன்னும் நாள் இருக்கிறது. லிங்கி போலீஸ் நிலையம் வரை நானே வருகிறேன். பின்வரிசையில் வசந்தன் எழுந்து நிற்கிறான். ரதம் கட்டும் லாரியை ஓட்டுகிறவன். நீ என்னப்பா சொல்கிறாய்? "லாரிக்குத் தண்டவாளம் இல்லக்கா. எந்தப் பக்கம் சொன்னாலும் திரும்பும்."

கேட்டீர்களா? லாரி திரும்புகிறதாம். இனி திரும்ப வேண்டியது தலைவர்தான். மறுபடி மைக். சொல்லுங்கள், அண்ணே. "சரி. இந்த வருஷம் இன்வர்னஸ்ல ஆரம்பிக்கட்டும்." என்ன, 'இந்த வருஷம்' என்ற வாலை விடமாட்டீர்களா? பரவாயில்லை. அடுத்த வருஷ வாலை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்கிறேன்.

மயிலம்மா அண்ணி, எங்கே இருக்கிறீர்கள்? எழ வேண்டாம், உட்காருங்கள். வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொல்லுங்கள். அவர் கேட்ட கேள்விக்குப் போன வருஷம் என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. அவர் இருப்பது கடைசி ஸ்டேஷன் இல்லை. நாற்காலியைப் பொழுது சாயும் முன்பே வாசலில் போடுங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்த தாய்மாருக்கும், மோட்டாரை இன்னும் ஸ்டார்ட் செய்யாத இளைஞருக்கும், தெரியாமல் என்னை அழைத்துவிட்ட தலைவருக்கும் என் நன்றி. ரத நாளில் எல்லோரும் தேங்காயோடு இன்வர்னஸுக்கு வந்துவிடுங்கள். வண்டி அங்கிருந்துதான் புறப்படுகிறது. வணக்கம்.