மூலை மேசைக்காரர்

மாலை ஆறு மணி. ஜூலை மாதத்து மழை. இங்கே ஆக்லாந்தில், கிங்ஸ்லேண்ட் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கினால், பப்பின் பின்கதவுக்குப் போக ஒரு சந்து உண்டு. ஒரு பக்கம் தகரவேலி. மறுபக்கம் பப்பின் சுவர். ஒரேயொரு லைட், அதுவும் நினைத்தால்தான் எரியும். அந்தச் சந்தில் போகும்போதுதான் குணரத்தினம் முதலில் அதைக் கேட்டார். சுவருக்கு உள்ளேயிருந்து… டிக்… டிக்… வெறும் கிளாஸை மரத்தில் தட்டுகிற சத்தம்.

மஹதி, அந்தப் போர்வையை இழுக்காதே. சிவராத்திரிக்கு முழித்திருக்கக் கதை வேண்டும் என்று கேட்டது நீங்கள்தான். சிவராத்திரியில் பீர்க்கதையா என்று முகத்தைச் சுளிக்கிறவர்கள் உள்ளே போய்த் தேவாரம் பாடலாம். மற்றவர்கள் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். பிறகு பாத்ரூமுக்குத் துணைக்கு வா என்று என்னைக் கேட்கக் கூடாது.

குணரத்தினம் என் சிநேகிதன் தவராசாவின் மச்சான். தவராசாவின் தங்கை அன்னத்தைக் கட்டியவர். அவர் மட்டும் முதலில் நியூசிலாந்துக்கு வந்துவிட்டார். அன்னமும் சின்ன மகள் பிரணவியும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அறையில். அவர்களைக் கூப்பிட வேண்டுமென்றால் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். வேலை போனால் விசாவும் போச்சு. பீரை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகாத மனுஷர், பப்பில் சாப்பிட்ட தட்டு எடுக்கப் போனது அதனால்தான்.

பப்பின் பெயர் வேண்டாம். சனிக்கிழமைகளில் அந்தப் பக்கம் போகிறவர்கள் இந்தக் கோயில் ஹாலிலேயே இருக்கிறார்கள். பழைய பப். ஒரு காலத்தில் இந்த நாட்டில் பப் எல்லாம் ஆறு மணிக்கு மூட வேண்டும் என்று சட்டம் இருந்தது, தெரியுமா? வேலை விட்டதும் ஓடிவந்து, தோளோடு தோள் இடித்துக்கொண்டு, நின்றபடியே மடக்மடக்கென்று குடிப்பார்களாம். உட்காரக் கதிரை கிடையாது. ஆறு அடித்ததும் எல்லாரையும் வெளியே தள்ளிவிட்டு, தண்ணீர் அடித்துக் கழுவுவதற்காகச் சுவர் முழுக்க டைல்ஸ் பதித்திருந்தார்கள். புது முதலாளி கொலின் அதையெல்லாம் உடைத்தெறிந்தார். கார்பெட், மஞ்சள் விளக்கு, சோபா. பப் புதுப் பெண்டாட்டி மாதிரி மினுங்கியது.

"தட்டு எடுக்கும்போது இடம் எப்படி என்று கேட்டு வந்து சொல்" என்பது கொலினின் கட்டளை. சனம் வராவிட்டால் சமையலறையை மூடிவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். குணரத்தினத்தின் இங்கிலீஷ் அந்த ஒரு கேள்விக்குப் போதும். கேட்டார்.

கார்பெட் நல்லது என்றார்கள். விளக்கு அருமையாம். உருளைக்கிழங்கு நல்ல சூடாம். ஆனால்… அந்த "ஆனால்" வரும்போது எல்லாரும் குரலைத் தாழ்த்தினார்கள். ஜன்னலோரத்து மூலை மேசையில் ஏதோ சரியில்லை. யாரோ பின்னால் நின்று தன் தலைக்கு மேலால் கையை நீட்டுவதாக ஒருத்தி சொன்னாள். நனைந்த கம்பளிக் கோட்டு மணக்கிறது என்றார் இன்னொருவர். கழுவிய டைல்ஸின் ஈரமணம்… காலடியிலோ புதுக் கார்பெட். ஒருவர் பாதிக் கிளாஸை விட்டுவிட்டு ஆறு மணிக்கு எழும்பி ஓடினார். யாரோ அவசரப்படுத்துகிறானாம்.

அந்த மேசையில் இருந்தவர்கள் திரும்பி வரவில்லை. மெல்ல மெல்ல மற்ற மேசைகளும் காலியாகின. குணரத்தினத்துக்கு நித்திரை போய்விட்டது. கண்ணை மூடினால் வெள்ளவத்தை அறைதான்.

தவராசாவுக்குப் போன் எடுத்தார். "அந்த ஆறு மணிக் காலத்து ஆவி ஒண்டு, இருக்க இடமில்லாமல் நிக்குது மச்சான். பாவம்."

"பேசாமல் வேலையைப் பாரும். ஊர்பேர் தெரியாத பேய்க்கு நீர் ஏன் இரக்கப்படுறீர்?"

ஆனால் அவர் கேட்கவில்லை. நம் வீடுகளில் செத்தவருக்குப் படைக்கும்போது அவருக்குப் பிடித்ததைத்தானே வைப்போம்? சுருட்டுக்காரருக்குச் சுருட்டு, சாராயக்காரருக்குச் சாராயம். பப்பில் வேலையாட்களுக்கு ஆளுக்கு ஒரு பீர் சும்மா கொடுப்பார்கள். குடிக்காத மனுஷர் தன்னுடையதை வாங்கி, மூலை மேசையில் வைத்தார். கதிரையை இழுத்துவிட்டார். ஆறு அடிக்கப் போகிற நேரம்.

"இருந்து ஆறுதலாக் குடியுங்கோ, ஐயா. இஞ்ச ஒருத்தரும் உங்களை எழுப்ப மாட்டினம்."

டிக்… டிக்… நின்றுவிட்டது.

அதன்பிறகு சனம் சொன்னதே வேறு. மூலை மேசைதான் நல்ல இடமாம். அந்தக் கோட்டுப் போட்ட கிழவர் நல்ல பேச்சுத்துணையாம். எந்தக் கிழவர்? குணரத்தினம் எட்டிப் பார்த்தால் வெறும் கதிரை. கேட்கப் பயம். பப் நிரம்பியது, சமையலறை தப்பியது. தினமும் கிளாஸை வைத்தார்.

ஒருநாள் தட்டு எடுக்கும்போது ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டே கேட்டாள், மகள் எப்போது வருகிறாள் என்று. கிழவர் ஆசையாகச் சொன்னாராம். "பிரணவி" என்று பெயரையும் சொன்னாள். கொஞ்சமும் பிசகாமல்… அந்தப் பப்பில் குணரத்தினம் யாரிடமும் அந்தப் பெயரை உச்சரித்தது கிடையாது.

"அவரு அப்பவே வேலையை விட்டிருக்கலாம்ல?" என்கிறாள் மஹதி. விட்டால் பிள்ளை எப்படியம்மா வரும்? அதன்பிறகும் கிளாஸை வைத்தார். தலையை நிமிர்த்தாமல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சமையலறைக்குப் போவார்.

அன்னத்துக்கும் பிள்ளைக்கும் விசா வந்தது. மங்கரேயில், விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் வேறு வேலையும் கிடைத்தது. அந்த மனுஷருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நினைத்துப் பாருங்கள். கடைசி நாள் கிளாஸை வைத்தார். வைத்துவிட்டுப் பேசாமல் வந்திருக்க வேண்டும். செத்தவீட்டில் சொல்லாமல்தானே எழும்பி வருவோம்? அது அவருக்குத் தெரியாதா? ஆனால் நம் ஆட்களின் வாய் சும்மா இருக்காது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர். அந்த மூலையால்தானே வேலை நிலைத்தது? நன்றி சொல்லாமல் போக மனம் வரவில்லை.

"அப்ப நான் போயிட்டு வாறன், ஐயா. நீங்களும் ஒருநாளைக்கு வீட்டுப் பக்கம் வாங்கோ."

நாம் எல்லாரிடமும் சொல்கிறதுதான். யார் வருகிறார்கள்? ஸ்டேஷனுக்கு வந்து நின்றபிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது.

அன்னமும் பிள்ளையும் வந்தார்கள். ரானுயியில் வாடகை வீடு. ஒருநாள் பப்பில் விட்டுவந்த, வேலைக்குப் போடுகிற சப்பாத்தை எடுக்கப் போனவரிடம் கொலின் குறைப்பட்டார். கிழவர் எங்கே, மூலை வெறிச்சென்று கிடக்கிறதே என்று சனம் கேட்கிறதாம். குணரத்தினம் சப்பாத்தையும் எடுக்காமல் வந்துவிட்டார்.

அன்றிலிருந்து ஆறு மணியானால் மனுஷர் ஓரிடத்தில் இருக்க மாட்டார். முன்கதவைப் பார்ப்பார். பின்கதவைப் பார்ப்பார். ஜன்னல் கொளுக்கியை இழுத்துப் பார்ப்பார். "என்னப்பா, குட்டி போட்ட பூனை மாதிரி?" என்று அன்னம் சிரிப்பாள். அவர் சொல்லவில்லை. ஒன்றும் நடக்கவுமில்லை. மெல்ல மெல்ல அவரே தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்.

பிறகு ஒரு மழைநாள். குசினியில் அன்னம் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். அந்த மணத்துக்கு மேலால்… நனைந்த கம்பளி. குணரத்தினம் சாப்பாட்டு மேசைக்கு ஓடினார். பிரணவி காலை ஆட்டிக்கொண்டு படம் கீறிக்கொண்டிருந்தாள். எதிர்க் கதிரை இழுத்து விடப்பட்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர்.

"ஆருக்குப் பிள்ளை தண்ணி?"

"இந்த வெள்ளைக்கார அப்புவுக்கு."

அவளுக்கு அப்போது இங்கிலீஷில் ஒரு சொல்லும் தெரியாது. குணரத்தினம் பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"என்னவாம்… அவர்?"

"எங்கட வீடு நல்லாயிருக்காம், அப்பா. ஆனா…"

குரலைத் தாழ்த்தி, அப்பாவின் தோளுக்கு மேலால் அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"கூட வந்த ஆக்களுக்குக் கதிரை போதாதாம்."