மேப்பிரிவில் நாம் எத்தனை பேர்?

இக்கூட்டத்துக்குத் தலைமையேற்று, ஓப்பநாயக்க டவுனில் கடையைப் பூட்டிவிட்டு, நம் தோட்டத்தின் மேல் பிரிவான இந்த மேப்பிரிவுக்கு மலையேறி வந்திருக்கும் பெருந்தகை பாலசுப்பிரமணியம் அவர்களே! கோயில் கமிட்டிப் பெரியவர்களே! ரப்பர்க் காட்டு வழியே நடந்து வந்திருக்கும் மாதாகோயில் சகோதரர்களே! கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு, கால் கழுவவும் நேரமின்றி காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இந்தப் பெரட்டுக் களத்தில் வந்தமர்ந்த என் தாய்மார்களே! உங்கள் தோட்டத் தலைவன் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

கை தட்டாதீர்கள். நம் ரொபர்ட்டின் மனைவி ஜெனிற்றாவைப் புதைத்த மண் இன்னும் காயவில்லை.

ஏன் செத்தாள் ஜெனிற்றா? பிள்ளை வலி கண்டவளைக் கம்பளியில் கட்டித் தூக்கினோம். கொழுந்து லொறி பக்டரிக்குப் போயிருந்தது. பஸ் வருவதோ மலையடிவாரச் சந்திக்கு. பாலத்தைத் தாண்டுமுன் தாயும் போனாள், வயிற்றுப் பிள்ளையும் போனது. பாதை இருக்கிறது, பாலம் இருக்கிறது. பஸ் ஏன் இல்லை?

கேட்காமலா இருந்தோம்? போக்குவரத்து அதிகாரியின் மேசைக்கு முன் போய் நின்றேன். "ஒங்க மேப்பிரிவுல ஆள் கொஞ்சம்தானே தலைவர், பஸ் சும்மா ஓடும்" என்றார். "திருவிழாவுக்கு வந்து பாருங்க மஹத்தயா, நிக்க எடம் கெடைக்காது" என்றேன். அவர் குடிசன மதிப்பீட்டில் நம் ஆள் தொகையைக் காட்டினார். அந்தத் தொகையைக் கொடுத்தது யார்? நாம்! நாமேதான்!

நினைத்துப் பாருங்கள். அந்தக் குடிசனக் கணக்கு எடுத்தபோதும் இதே யுத்தம்தான். வெளியூரிலிருந்து வந்து தங்குகிறவன் பொலிசில் பேர் பதிய வேண்டுமென்ற கெடுபிடியில், பதியாமல் தாயைப் பார்க்க வந்த உதயராஜை லயத்து வீட்டு வாசலிலேயே வைத்துப் பிடித்துப் போனார்கள். அதற்குப் பிறகு கணக்கெடுக்க வந்தவர்களை நாம் எப்படி நம்புவோம்? வாலிபர்களை எல்லாம் ரப்பர்க் காட்டுக்குள் அனுப்பினோம். "கீ தெனெக் இன்னவாத?" வீட்டில் எத்தனை பேர் என்று சிங்களத்தில் கேட்டார்கள். தங்கம்மாக்கா என்ன சொன்னார்? "நானும் எம் புருசனும் மட்டுந்தாங்க ஐயா!" கழுவிக் கவிழ்த்த கோப்பைகளோ வாசல் நிறைய!

சிரிக்காதீர்கள் அக்கா, எனக்கும் சிரிப்பு வருகிறது, கூடவே அழுகையும் வருகிறது. நம் பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் நம் பிள்ளைகளே இல்லை என்றோம். ஜெனிற்றாவும் அன்று "அவரு கொழும்புல" என்றாள். காட்டுக்குள் இருந்த அவள் புருசன் ரொபர்ட் பிழைத்தான். பொய் சொன்னவளை ஏற்றிப்போக ஒரு பஸ் இல்லாமல் போயிற்று. அவளைக் குற்றம் சொல்ல எவனுக்கு நாக்கு இருக்கிறது?

பஸ்ஸுக்காக மறுபடியும் நடையாய் நடந்ததற்குப் பலனாக, வரும் ஞாயிற்றுக்கிழமை அதிகாரிகள் லயம் லயமாக வந்து ஆட்களை எண்ணப் போகிறார்கள்.

யாரது பின்னால்? "பேரு எழுதுனா பொலிஸ் வராதுன்னு சொல்லுவீங்களா?" என்கிறாயா தம்பி? சொல்ல மாட்டேன். வரலாம். யுத்தம் இன்னும் முடியவில்லை. எனக்கும் வளர்ந்த மகன் இருக்கிறான். ஆனால் ஒளிந்தால் மட்டும் சாவு நம்மை விட்டதா? அடுத்த கம்பளியில் எந்த வீட்டுப் பெண்? உன் தங்கையா? என் மருமகளா? பயந்து பயந்து நம்மை நாமே இல்லாமல் ஆக்கினோமே, போதாதா? இன்னும் எத்தனை காலம் இருந்தும் இல்லாதவர்களாக இருப்பது?

என்ன ரொபர்ட், எழுந்துவிட்டாய்? பேசப்பா. எல்லாருக்கும் கேட்கட்டும்.

"அன்னைக்கு என்னைய ஒளிச்சு வச்சா தலைவரே. ஞாயித்துக்கெழம நான் வாசல்லயே நிப்பேன். ஜெனிற்றா புருசன் இருக்கான்னு எழுதிக்கச் சொல்லுங்க."

கேட்டீர்களா? இதற்கு மேல் நான் பேசினால் அது வெறும் சத்தம். பொறுமையோடு செவிகொடுத்த உங்களுக்கும், கூட்டத் தலைவர் அவர்களுக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை அவரவர் வாசலில் சந்திப்போம். வணக்கம்.