கச்சான் சூப்பும் மரவள்ளி உருண்டையும்

எம்பிலிப்பிட்டிய சந்தையிலிருந்து கொடகவெலக்குத் திரும்பும் பஸ். எனக்கு முன் சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர். மூத்தவளின் மடியிலிருந்த பைக்குள் இளையவள் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, மரவள்ளியும் இஞ்சியும் ஒன்னா வாங்கியிருக்கீங்க? சேத்துத் தின்னா நஞ்சாச்சே!"

"நான் தின்னுருக்கேன் புள்ள. உசுரோடதானே இருக்கேன்."

இளையவள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"குவைத்துல வீட்டு வேலைக்கு இருந்தப்ப மூணு நாளு காய்ச்சல். எந்திரிக்க முடியல. என்கூட வேல செஞ்ச கானா நாட்டுக்காரி, கச்சான் கடலைய அரைச்சு, தக்காளி, கோழியெல்லாம் போட்டு சூப்பு வச்சா. அதுல அள்ளிப் போட்ட மாதிரி இஞ்சி. முக்கித் திங்க மரவள்ளி மாவுல உருண்ட."

"ஐயோ! வேணான்னு சொல்லலையா?"

"எந்த பாஷையில சொல்றது? அவளே கிள்ளி, சூப்புல முக்கி, என் வாயில வச்சா. நான் மென்னேன். மெல்லாத, முழுங்குன்னு தொண்டையத் தொட்டுக் காட்டுறா. அவங்க ஊருல அப்படித்தானாம். மாதாவே, எம்புள்ளைங்களப் பாத்துக்கன்னு முழுங்கிட்டேன்."

"அப்புறம்?"

"வேர்த்துக் கொட்டிச்சு. சரி, முடிஞ்சிச்சுன்னு கண்ண மூடிக்கிட்டேன். முழிச்சுப் பாத்தா காய்ச்சலக் காணோம். இன்னைக்கு எம்புள்ளைங்களுக்கு அதத்தான் ஆக்கப் போறேன்."

இளையவள் பையிலிருந்த இஞ்சியை எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"நஞ்சுன்னு நம்பிக்கிட்டே ஏன்க்கா முழுங்குனீங்க?"

"அந்த வீட்டுல எனக்குன்னு அடுப்பு பத்த வச்சது அவ ஒருத்திதான். அந்தக் கைய எப்படிப் புள்ள தட்டிவிடுறது?"